அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் அட்டையை வாங்கிப் பார்ப்பேன். என் முன்னால் வந்து உட்காருகிறவர் முதியோர் பென்ஷனுக்கு வந்திருக்கலாம், விதவைச் சான்றுக்கு வந்திருக்கலாம், மகளிர் உரிமைத் தொகைக்கு வந்திருக்கலாம். எதுவானாலும் குடும்ப அட்டையைக் கையில் வாங்கி முழுசாகப் படித்துவிட்டுத்தான் கணினியைத் தொடுவேன். இராஜபாளையத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த நாளில் அவர் பழக்கிவிட்டது இது. “மனு எழுதத் தெரியிறது பெருசில்ல பாப்பா. அவுக கொண்டுவந்த காகிதத்தைப் படிக்கத் தெரியணும்” என்பார். இப்போது நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். இராஜபாளையத்து ஆட்களும் வருவார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், சத்திரப்பட்டி, தளவாய்புரம் பக்கத்து ஆட்களும் வருவார்கள். கருவிகள் மாறிவிட்டன. படிக்க வேண்டியது மாறவில்லை.

பெரியவர் காலத்து அட்டை ஒரு சின்னப் புத்தகம். வருஷா வருஷம் உள்தாள் ஒட்டுவார்கள். அரிசி, மண்ணெண்ணெய், சீனி வாங்கியதைக் கட்டம் கட்டமாகக் குறித்திருப்பார்கள். புரட்டிப் புரட்டியே வீட்டில் எல்லோருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும். 2017 ஏப்ரலில் மின்னணு அட்டை வந்தது. உள்தாள் போச்சு, புத்தகம் கிழிகிற கவலையும் போச்சு. ஆனால் அட்டையைப் படிக்கிற பழக்கமும் அதோடு போய்விட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுருக்குப் பையில் வைத்து, கடைக்காரரிடம் நீட்டித் திரும்ப வாங்கி வைப்பதோடு சரி. குடும்பத் தலைவியின் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்துகளை யாரும் கவனிப்பதில்லை. வீட்டுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதில் பாதி அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

பி.எச்.எச். என்றிருந்தால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா அட்டை, மாசம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத குடும்பம். கடைசியில் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, என்.சி. இருந்தால் எந்தப் பொருளும் இல்லாத அட்டை. “என்.பி.எச்.எச்.னு போட்டுட்டாக, இனி அரிசி கெடையாதாம்ல?” என்று கலங்கிப்போய் வருகிறவர்கள் இன்றும் உண்டு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பர் 1 முதல் சேர்ந்தது. அந்தச் சட்டம் குடும்பங்களை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு பிரித்து எழுதிக்கொண்டது, ஆனால் அரிசியை நிறுத்தவில்லை. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்கும் 2011 ஜூன் முதல் இருந்தபடி விலையில்லா அரிசிதான். மத்திய அரசு தராத பங்கை மாநிலம் தன் காசில் போடுகிறது. பிறகு எதற்கு அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும்? முன்னுரிமை அட்டையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் ரேஷன் கடையில் விரல் வைத்து ஆதாரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு கேட்கிறது. திருப்பூரில் வேலை செய்கிற மகன், கல்லூரி விடுதியில் இருக்கிற மகள் யாராக இருந்தாலும் வைத்தாக வேண்டும். இந்த நிபந்தனை பி.எச்.எச்., ஏ.ஏ.ஒய். இரண்டுக்கும்தான். தன் அட்டை எந்த வகை என்று தெரியாத வீடு, பக்கத்து வீட்டுக்காரர் வைக்கவில்லையே என்று தானும் சும்மா இருந்துவிடும்.

சர்க்கரை அட்டை தனிக் கதை. ரேஷன் அரிசி நமக்கு ஆகாது, சீனியாவது கூட வாங்கலாம் என்று ஒரு காலத்தில் விரும்பியே அந்த அட்டையை எடுத்த மில் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே நிறைய. பொங்கலுக்குப் பணமும் கரும்பும் அரிசி அட்டைக்கு மட்டும் என்று வந்தபோதுதான் அந்த ஒரு எழுத்தின் விலை தெரிந்தது. 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்புக் கொடுத்தது. அந்த நாட்களில் எங்கள் தெருவரைக்கும் வரிசை நின்றது. 2021இல் கொரோனா நிவாரணமாக 4,000 ரூபாய் வந்தபோது, மாற்றிக்கொண்டவர்கள் வாங்கினார்கள். “மூணு கிலோ சீனிக்கு ஆசப்பட்டு இருந்துட்டோம்” என்று மாற்றாமல் விட்டவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சர்க்கரை அட்டையைக் கொடுத்ததும் அரசுதான், பிறகு அதையே காரணமாக்கி விட்டுவிட்டதும் அரசுதான். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அட்டையில் அடுத்துப் பார்ப்பது, யார் யார் பெயர் இருக்கிறது என்பது. கல்யாணமாகிப் போன மகள் இன்னும் அம்மா அட்டையில் இருப்பாள். இறந்துபோன தாத்தா இருப்பார். மூன்று வயதுப் பிள்ளையின் பெயர் இன்னும் ஏறியிருக்காது. புது அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கியாக வேண்டும். ஆதார், வீட்டு முகவரிக்கு மின் கட்டண ரசீதோ வீட்டு வரி ரசீதோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். காஸ் இணைப்பு இருந்தால் அந்த விவரமும் கொடுக்க வேண்டும். இவற்றைத் திரட்டுவதில் சிரமம் பெரிதாக இல்லை. சிரமம் விசாரணையில்தான். தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்.

இங்கே மில் தொழிலாளர்களும் தறிக்காரர்களும் இருக்கிற வளவு வீடுகளைப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் சங்கடம் புரியும். ஒரு வாசல், நடுவில் முற்றம், இரண்டு பக்கமும் பத்துக்கு எட்டு அறைகள். மாமியார் ஒரு அறை, மூத்த மகன் ஒரு அறை, இளைய மகன் ஒரு அறை. அடுப்பு மூன்று. ஆனால் தண்ணீர்க் குழாய் ஒன்று, மீட்டர் ஒன்று, கதவு எண் ஒன்று. விசாரணைக்கு வருகிற நேரத்தில் இளைய மருமகள் பேண்டேஜ் துணி மடிக்கப் போயிருப்பாள். அவள் அறை பூட்டியிருக்கும். மாமியார் வெள்ளந்தியாக, “எல்லாம் ஒண்ணாத்தான்யா இருக்கோம்” என்பார். அவர் சொன்னது குடும்பத்தின் ஒற்றுமையைப் பற்றி. அறிக்கையில் ஏறுவது, தனிச் சமையல் இல்லை என்பது. இப்படித் தள்ளுபடியான விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் விண்ணப்பம் போட்ட அன்றைக்கே வீட்டில் இருக்கிற எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன்: “ஒண்ணா இருக்கீங்களானு கேட்டா, ஒரே வளவுல இருக்கோம், சமையல் வேறன்னு சொல்லுங்க. அடுப்பக் காட்டுங்க.” நடப்பதை நடக்கிறபடி சொல்வதற்குக்கூட ஒருவர் பழக்கித் தர வேண்டியிருக்கிறது.

பெயரும் வயதும் அடுத்தது. ஆதாரில் முத்துலட்சுமி, அட்டையில் முத்துலெட்சுமி, வங்கிப் புத்தகத்தில் எம். முத்துலக்ஷ்மி. ஊருக்குள் மூன்றும் ஒருவர், கணினிக்கு மூன்று பேர். வயது இன்னும் மோசம். ஆதார் எடுக்க வந்த நாட்களில் பிறந்த தேதி தெரியாத பெண்களுக்கு வருஷத்தை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டு ஜனவரி 1 என்று எழுதிவிட்டார்கள். “ஒனக்கு எத்தன வயசு தாயி?” என்று கேட்டவருக்கு, கூசிப்போய் ஐம்பது என்று சொன்ன அம்மாக்கள் உண்டு. மூத்த மகனுக்கே ஐம்பது நெருங்கியிருக்கும். பிறகு முதியோர் பணத்துக்கு வரும்போது அந்தக் கூச்சம் குறுக்கே நிற்கும். அட்டையில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. எது குறைவோ அதைத்தான் பிடிப்பார்கள். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரு தடவைதான் அனுமதி. எனவே பள்ளிக்கூடம் பக்கம் போனவராக இருந்தால், ஒன்றாம் வகுப்பானாலும் சரி, பள்ளிப் பதிவேட்டில் பெயர் தேடச் சொல்வேன். தேடிப் போனவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் என் மனசை அதிகம் வருத்துவதும், அதிகம் நிறைப்பதும் அதுதான்.

இந்தத் திட்டம் 1962 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கியது. விருதுநகர்க்காரரான காமராஜர் அப்போது முதலமைச்சர். மாதம் 20 ரூபாய். படிப்படியாக ஏறி 2011இல் 1,000 ஆனது. 2023 ஆகஸ்ட் முதல் 1,200. இதில் மத்திய அரசின் பங்கு, இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் வருகிறவர்களுக்கு, 79 வயது வரை 200 ரூபாய், 80 ஆனால் 500. மீதி மாநிலம் தருவது. ஒரு காலத்தில் தபால்காரர் மணியார்டராகக் கொண்டுவந்து திண்ணையில் எண்ணிக் கொடுப்பார். இப்போது வங்கிக் கணக்குக்கு வருகிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று தாலுகாவில் இதற்கென்றே ஒரு அதிகாரி இருக்கிறார். பொங்கலுக்கு வேட்டி சேலை உண்டு. ஆயிரத்து இருநூறு ரூபாயில் என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு, சர்க்கரை மாத்திரை, காபித்தூள், பேரன் கையில் வைக்கிற பத்து ரூபாய் என்று நான் கணக்குச் சொல்வதில்லை. அந்தப் பணம் ஏறிய அன்றைக்கு அந்த அம்மா மருமகளிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் கணக்கு.

திட்டத்தின் விதிகளில் “ஆதரவற்றவர்” என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. விசாரணைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே, “மகன் இருக்காரா? சோறு போடுறாரா?” என்பதுதான். கேட்பது தெருவில், பகலில், நாலு பேர் நிற்கும்போது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என்னிடம் விண்ணப்பித்த அவ்வா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், வாசலில் நின்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். உள்ளே மருமகள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். மகன் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிறவர். வேலை இருக்கிற அன்றைக்குக் காசு, இல்லாத அன்றைக்கு இல்லை. அவரே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். சோறு போடுகிறார். அதற்கு மேல் அவரால் ஆகாது. “போடலை” என்று சொன்னால் பணம் வரும், மகன் மானம் போகும். “போடுறான்” என்று சொன்னால் மகன் மானம் நிற்கும், மனு நிற்காது. அந்த அவ்வா, “போடுறான்யா, பாவம்” என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். மனு எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கஞ்சிக்கு வழியில்லை, மகன் துரத்திவிட்டான், கருணை கூர்ந்து காப்பாற்ற வேண்டும் என்று கண்ணீரை எழுதுவது. பெரியவர் அதைச் செய்யவிட மாட்டார். நானும் செய்வதில்லை. மகனைக் கெட்டவனாக்காமல், நடப்பை மட்டும் எழுதினேன்: மனுதாரருக்குச் சொந்த வருமானம் எதுவும் இல்லை. அவர் பெயரில் நிலம், வீடு இல்லை. மகன் தனிக் குடும்ப அட்டையில் தனிக் குடும்பமாக இருக்கிறார், நிலையான வருமானம் இல்லாத கூலித் தொழிலாளி, மூன்று பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். மனுதாரர் இன்ன நோய்க்கு அரசு மருத்துவமனையில் தொடர்ந்து மருந்து வாங்குகிறார், புறநோயாளிச் சீட்டின் நகல் இணைப்பில் உள்ளது. அவ்வளவுதான். விசாரணைக்கு வருகிறவர் கேட்க வேண்டியதெல்லாம் மனுவிலேயே இருந்தால் தெருவில் நின்று கேட்கிற கேள்வி குறையும். அந்த முறை கிடைத்தது.

பெற்ற பிள்ளை கைவிட்டால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை. மகன் வசதியானவன், கொடுக்க மனமில்லை என்றால் அங்கே போகலாம், நானே அனுப்பி வைத்திருக்கிறேன். மகனும் ஏழை என்கிற வீட்டில், தாய்க்குத் தருகிற பென்ஷனுக்கு மகனுடைய மனசை எதற்கு விசாரிக்க வேண்டும்? அறுபது வயது, சொத்தில்லை, வருமானமில்லை. இந்த மூன்றும் போதும். மகன் கேள்வியை விதியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று ஜமாபந்தியில் நான் மனுக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கொடுப்பேன்.

கணவனை இழந்த பெண்கள் வரும்போது வேலை வேறு மாதிரி. அவர்களுக்கு வரிசைதான் முக்கியம். முதலில் இறப்புச் சான்று. அதை வைத்து அட்டையில் கணவர் பெயர் நீக்கம், குடும்பத் தலைவர் மாற்றம். பிறகு வாரிசுச் சான்று, விதவைச் சான்று, வருமானச் சான்று. கடைசியில் பென்ஷன் விண்ணப்பம். நடுவில் ஒன்றைத் தாண்டினால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். இந்தப் பக்கத்து ஆண்கள் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். செங்கோட்டை தாண்டி புனலூர், கொல்லம் என்று போய் அங்கேயே விழுந்துவிடுகிறவர்கள் உண்டு. உடலைக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்துவிடுவார்கள். இறப்பைப் பதிய வேண்டியது உயிர் போன ஊரில் என்று யாருக்கும் தோன்றாது. 21 நாளுக்குள் பதிந்தால் எதுவும் தொல்லையில்லை. ஒரு வருஷம் கடந்துவிட்டால் ஆணை வாங்க வேண்டும், அதுவும் வேறு மாநிலத்தில். முப்பது வயதில் கைப்பிள்ளையோடு வந்து நிற்கிற பெண்ணிடம், “கொல்லத்துக்குப் போயி வாங்கிட்டு வாம்மா” என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசும். மருத்துவமனையில் இறந்திருந்தால் பெரும்பாலும் அந்த ஊர் உள்ளாட்சியில் பதிவாகித்தான் இருக்கும், இணையத்தில் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக அடித்துத் தேடுவேன். மலையாளிகள் நம் பெயரை எழுதுகிற விதம் எனக்கு இப்போது பழகிவிட்டது. திரையில் சான்று வந்து நின்றதும் அந்தப் பெண் கணவன் பெயரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் அடுத்தவரை நான் கூப்பிடுவதில்லை.

கணவன் இறக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று வருகிற பெண்களுக்குக் கைவிடப்பட்டவர் சான்று என்று ஒன்று உண்டு. அவர்களுக்கும் பென்ஷன் உண்டு. அது தெரியாமலே வருஷக் கணக்கில் இருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியும் மணமாகாத ஏழைப் பெண்களுக்கும் உண்டு.

2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 என்று அறிவித்தார்கள். ஒரு அட்டைக்கு ஒரு பெண். வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வருஷத்துக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். கார் இருக்கக் கூடாது. பணம் போடுவதற்கு முன்னால் கணக்குச் சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பினார்கள். அந்த ஒரு ரூபாய்க் குறுஞ்செய்தியைக் காட்டி அன்றைக்கு எத்தனை பேர் சந்தோஷமாக வந்தார்கள்! தள்ளுபடிக் குறுஞ்செய்தி வந்தவர்களும் அதே நாளில்தான் வந்தார்கள். முப்பது நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எங்கள் இரண்டு தாலுகாவுக்கும் அது சிவகாசிக் கோட்டம்.

மேல்முறையீடு எழுதும்போது காரணத்தைத் தேடுவதுதான் வேலை. ஒரு அம்மாவுக்குக் கார் இருக்கிறது என்று வந்தது. அவர் வாழ்நாளில் கார் ஏறியது மகள் கல்யாணத்துக்குத்தான். கேட்டுக் கேட்டுப் பார்த்தால், கணவர் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓட்டிய பழைய வண்டி, எப்போதோ விற்றாயிற்று, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. வண்டி எங்கே ஓடுகிறதோ, உடைத்துப் போட்டார்களோ தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகிற வேலையிலிருந்து அவருடைய மேல்முறையீடு தொடங்கியது. இன்னொருவர் வீட்டில் மின்சாரம் கூட. நான் முன்னே சொன்ன மாதிரி வளவுதான்: ஐந்து குடும்பம், மீட்டர் ஒன்று, அது இவர் மாமனார் பெயரில். மாமியார் முதியோர் பணம் வாங்குகிறார், நமக்குக் கிடையாது என்று விண்ணப்பமே போடாமல் இருந்த மருமகள்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் அந்த விதியைத் தளர்த்தி, ஓய்வூதியம் பெறுகிறவர் வீட்டில் வேறொரு தகுதியான பெண் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். முதலில் பரவிய “கிடையாதாம்” என்ற பேச்சு இன்னும் தெருவில் நிற்கிறது. 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின் முகாம்கள் தொடங்கியபோது இப்படி விட்டுப்போன பெண்களைத்தான் தேடித் தேடி அனுப்பினேன். பிரேசில் நாட்டில் 2003இல் போல்சா ஃபமீலியா என்று இதே போலக் குடும்பங்களுக்குப் பணம் தரத் தொடங்கியபோதும் அட்டையைப் பெரும்பாலும் பெண்கள் பெயரில்தான் கொடுத்தார்கள். பெண் கையில் போகிற காசு அடுப்படிக்குப் போகும் என்பது எங்கள் தெருவுக்கும் தெரிந்ததுதான்.

காப்பீட்டு அட்டையைப் பற்றி ஒன்று மட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000க்குள் இருந்தால் போதும், 5 லட்சம் வரை சிகிச்சை. ஆள் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அட்டைக்கு ஓடி வருகிறார்கள். நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

நல வாரியமும் அப்படித்தான். தறி, கட்டடம், தையல் என்று உடலுழைப்புத் தொழில் எதில் இருந்தாலும் 60 வயதுக்குள் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, மகப்பேற்றுக்கு உதவி உண்டு, அறுபதுக்கு மேல் வாரியத்திலிருந்தே ஓய்வூதியம் உண்டு. அதற்கு யாரும் மகனைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், உழைத்ததற்கான பணம் அது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறியிலும், தளவாய்புரத்தில் நைட்டி தைப்பதிலும் வாழ்நாளைக் கழித்த பெண்கள் அறுபத்தோரு வயதில் வந்து, “இப்பத்தான் தாயி சொன்னாக” என்கிறார்கள். இந்தப் பகுதி மில்களும் தறிக்கூடங்களும் இவ்வளவு காலம் ஓடியது அந்தக் கைகளால்தான். ஒவ்வொரு தறிக்கூடத்திலும் ஒரு நாள் உட்கார்ந்து பதிந்து தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். முதலாளிகளில் நல்லவர்கள் நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள்.

அந்தக் கைகளே இன்னொரு தொல்லை. 2020 அக்டோபரில் ரேஷன் கடையில் விரல் வைக்கிற இயந்திரம் வந்தது. நூல் அறுத்து முடிச்சுப் போட்டவர்கள், சிமெண்டு குழைத்தவர்கள், பால்கோவாச் சட்டியில் தணலுக்கு எதிரே நின்று கிண்டியவர்கள் விரலில் ரேகை எங்கே இருக்கும்? கட்டைவிரலை வைத்தால் சிவப்பு, ஆள்காட்டி விரலை வைத்தால் சிவப்பு. என் மையத்தில் செய்வது இதுதான்: சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. இடது கை மோதிர விரல் அதிகம் தேய்ந்திருக்காது, பல பேருக்கு அது எடுக்கும். எடுக்கிற விரல் எது என்று அவர்களுக்கே மனப்பாடமாகும்படி சொல்லி அனுப்புவேன். கருவிழி பார்க்கிற கருவி இருக்கும் கடைகளில் அதைக் கேட்கலாம். நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் ஒருவரை எழுதிக் கொடுத்து அனுப்பலாம், கடையில் அதற்குப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டு போக ஆரம்பித்தார்கள். ரேகை விழவில்லை என்பதற்காக அரிசி இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் காரணத்தை எழுதிக் கேளுங்கள் என்கிறேன். எழுதச் சொன்னால் பாதிக் காரணங்கள் அங்கேயே காணாமல் போகும். அதற்கும் மசியவில்லை என்றால் விருதுநகரில் கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் குறைதீர்க் கூட்டம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு அங்கே செலவில்லாமல் வழக்கறிஞர் உண்டு. மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது.

நான் இப்போது அதிகம் அலைவது மலையடிவாரத்துக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும், இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பக்கத்திலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. தேனும் கிழங்கும் எடுத்தவர்கள், மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள். 2021இல் அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆனது. 35 கிலோ அரிசி அட்டை முதலில் சேர வேண்டியது இவர்களுக்குத்தான். அட்டை வேண்டுமென்றால் ஆதார் வேண்டும், ஆதாரில் பெயர் சரியாக வேண்டும், இ-சேவையில் விண்ணப்பதாரருக்கான பதிவு எண்ணான கேன் நம்பர் போட வேண்டுமென்றால் போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். போனே இல்லாத வீட்டுக்கு ஓ.டி.பி. எங்கே வரும்? பழங்குடிச் சாதிச் சான்றில் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும், சிவகாசிக்கு ஒரு நாள் போய்வர ஒரு நாள் கூலி போகும். முகாம் நடத்துகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மாதம் ஆதார்க்காரர் வருவார், மறு மாதம் வழங்கல் துறையினர் வருவார்கள், அதற்குப் பிறகு ஒருநாள் சாதிச் சான்று. முதல் முகாமில் பெயர் திருந்தாதவருக்கு அடுத்த இரண்டு முகாமும் வீண். நான் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றுதான்: விரல் இயந்திரத்தோடு கருவிழி இயந்திரம், ஆதார் திருத்துகிறவர், வட்ட வழங்கல் அலுவலர், தனி வட்டாட்சியர், கோட்டாட்சியர் எல்லோரும் ஒரே நாளில் செண்பகத்தோப்புக்கு வர வேண்டும், காலையில் ஆட்கள் காட்டுக்குள் போவதற்கு முன்னால். பட்டியல் என்னிடம் இருக்கிறது. எந்த வீட்டில் யாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று வீடு வீடாக எழுதி வைத்திருக்கிறேன். தேதி சொன்னால் முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லி, அட்டையும் ஆதாரும் எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன்.